புயல் அலை நாளில் பலகையா, கைட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கோ மையம் கொண்ட புயலின் அலைகள் கரைக்கு வந்து சேரும் நாளில் சர்ஃபிங் செய்வது, கைட் போர்டிங் (பெரிய பட்டம் போன்ற கைட் இழுக்கப் பலகையில் நீர்மேல் ஓடுவது) செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படித்துப் பார்த்தால் பல கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான். கடலுக்குள் நேர்ந்த சிக்கலின் காரணம் கரையிலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கும், பார்க்காமல் இறங்கியிருப்பார்கள். அதனால் கரையில் நிற்கும் அரை மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறோம். சாதாரண அலையில் தன் பலகையை அடக்கத் தெரிந்தவர்களுக்கும், கைட்டைத் தனியாக ஏற்றி இறக்கிப் பழகியவர்களுக்குமான பதில்கள் இவை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குப் புயல் அலை நாள் பார்த்துப் படிக்க வேண்டிய நாள், இறங்க வேண்டிய நாள் அல்ல.

கேள்வி: அலை உயரம் 2 மீட்டர் என்று முன்னறிவிப்பில் பார்த்துவிட்டு இரண்டு வெவ்வேறு நாள்களில் போனேன். ஒரு நாள் நன்றாக விளையாட முடிந்தது. இன்னொரு நாள் உள்ளே நுழையவே முடியவில்லை. ஒரே உயரத்தில் ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: உயரத்துக்குப் பக்கத்தில் நொடிக் கணக்கில் இன்னோர் எண் இருந்திருக்கும். அதுதான் அலையின் காலம்: ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எடுக்கும் நேரம். புயல் அலைக்கு உயரத்தைவிட அதையே முதலில் படியுங்கள்.

ஆழ்கடலில் அலையின் நீளத்தை அறிய, காலத்தை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1.56ஆல் பெருக்கினால் போதும். விடை மீட்டரில் வரும். 7 நொடி அலையின் நீளம் சுமார் 76 மீட்டர். 14 நொடி அலை 306 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் தரையை உணரத் தொடங்கும். ஆகவே 7 நொடி அலைக்கு 38 மீட்டர் ஆழத்தில்தான் தரை தட்டுப்படும்; 14 நொடி அலைக்கு 153 மீட்டரிலேயே தட்டுப்பட்டுவிடும். அங்கிருந்தே அது வேகம் குறைந்து, நெருங்கி, உயரத் தொடங்குகிறது. நேரான மணல் கரையில் கணக்குப்படி 2 மீட்டர், 7 நொடி அலை உடையும்போது ஏறக்குறைய 2.3 மீட்டர் உயரம் இருக்கும். அதே 2 மீட்டர், 14 நொடி என்றால் 3 மீட்டருக்கு எழும்பும். அது சுமந்து வரும் ஆற்றலும் இரு மடங்கு. நீங்கள் இரண்டாவது நாள் சந்தித்தது இதைத்தான்.

இன்னொன்று. முன்னறிவிப்பு சொல்லும் உயரம் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைத்தான் சொல்கிறார்கள். சில மணி நேரம் கடலில் இருந்தால் அந்த எண்ணின் இரு மடங்குக்கு நெருக்கமான அலை ஒன்றாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும். 14 நொடி அலைகள் செட் செட்டாக, அதாவது சில பெரிய அலைகள் அடுத்தடுத்துக் கூட்டமாக, வரும். இரண்டு செட்டுக்கு நடுவில் 10, 15 நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கலாம். வந்ததும் 5 நிமிடம் பார்த்துவிட்டு ‘சின்னதாகத்தான் இருக்கிறது’ என்று இறங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். குறைந்தது 30 நிமிடம், மூன்று செட்டாவது பாருங்கள்.

கேள்வி: புயல் 1,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் அலை எப்போது வரும் என்று நாமே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும், எளிதுதான். அலைக் கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும் என்பதற்கு அலையின் காலத்தை 2.8ஆல் பெருக்குங்கள். 16 நொடி அலைக்கு 45 கி.மீ.; 1,800 கிலோமீட்டரைக் கடக்க 40 மணி நேரம். 12 நொடி அலைக்கு ஏறக்குறைய 54 மணி நேரம். 9 நொடி அலைக்கு 71 மணி நேரம்.

ஆக ஒரே புயலிலிருந்து கிளம்பினாலும் நீண்ட அலைதான் முதலில் வந்து சேரும். அப்போது உயரம் அரை மீட்டர்கூட இருக்காது, ஆனால் காலம் 16, 17 நொடி காட்டும். உயரம் சிறிது என்று அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்த சில மணி நேரத்தில் கடல் எழும்பப் போகிறது என்பதற்கான முன்னோடி அது. கரையில் காற்றே இல்லாமல் கடல் பொங்கி ஏறுவதைக் கள்ளக்கடல் என்று சொல்வதும் இப்படித் தூரத்திலிருந்து வரும் நீண்ட அலையைத்தான். இந்த அலைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கடலியலாளர் வால்டர் மங்க்கும் அவரது குழுவினரும் 1963இல் செய்த அளவீடு இருக்கிறது. தென் பெருங்கடல் புயல்களின் அலைகளைப் பசிபிக்கின் குறுக்கே வரிசையாக நிலையங்கள் வைத்துத் தொடர்ந்தார்கள். அலாஸ்கா வரை வந்து சேர்ந்தன.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே நாளில் காலையில் சர்ஃபிங், பிற்பகலில் கைட் என்று திட்டமிடுகிறோம். புயல் அலை நாளில் இது சரிவருமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: சரிவரும். ஆனால் இரண்டுக்கும் தேவையான காற்று வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆபத்து.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் ஆஃப்ஷோர் காற்று சர்ஃபிங்குக்கு உகந்தது. அலையின் முகத்தைத் துடைத்து விட்டதுபோல் ஆக்கி, உடைவதைச் சற்றே தள்ளிப்போடும். 15 நாட் வரை இது வரம். 20 நாட்டைத் தாண்டினால் அலை உச்சியிலிருந்து வரும் தூவல் கண்ணை மறைக்கும், பலகையின் மூக்கைக் காற்று தூக்கும், அலையைப் பிடிக்கவே சிரமமாகும். (1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) அதே ஆஃப்ஷோர் காற்றில் கைட் கட்டவே கூடாது. கயிறு அறுந்தாலோ காற்று செத்தாலோ உங்களைக் கொண்டுபோகும் திசை நடுக்கடல். மேலும் அது மரம், கட்டடம், குன்று ஆகியவற்றின் மேல் புரண்டு வருவதால் ஒரே சீராக இருக்காது. ஒரு தடையின் உயரத்தைப்போல் 7 முதல் 10 மடங்கு தூரம் வரை அதன் பின்னால் காற்று கலங்கியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைட்டுக்கு வேண்டியது கரைக்கு இணையாக வீசும் சைட்ஷோர், அல்லது சுமார் 45 பாகையில் கரையை நோக்கிச் சாய்ந்த காற்று. நேராகக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் ஆன்ஷோர் காற்றைப் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். புயல் அலையில் அது அப்படியில்லை. அலையும் காற்றும் ஒரே திசையில் தள்ளும். கைட் இருப்பது கரைப் பக்கம். உங்களுக்கும் நிலத்துக்கும் நடுவே தவறு செய்ய இடமே இருக்காது.

எனவே ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம். விடியலில் காற்று மெலிந்திருக்கும் நேரம் சர்ஃபிங்குக்கு. காற்று பக்கவாட்டுக்குத் திரும்பி, கடலில் ஆங்காங்கே வெண்முகடு தெரியத் தொடங்கினால் 10, 12 நாட் வந்துவிட்டது என்று பொருள். அது 18 நாட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் நிலைத்த பிறகு கைட்டைப் பிரியுங்கள். புயலுக்கு மிக அருகில் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே காற்றும் அலையும் ஒன்றாகவே ஏறும், திசையும் மாறிக்கொண்டிருக்கும். சைட்ஷோராக இருந்தது சில நிமிடத்தில் ஆஃப்ஷோர் ஆகலாம். உண்மையில் சர்ஃபிங்குக்கு ஆகச் சிறந்தது புயல் விலகிய மறுநாள்தான்: அலை இருக்கும், காற்று அடங்கியிருக்கும்.

உடம்பையும் கணக்கில் சேருங்கள். கனத்த அலையில் இரண்டு மணி நேரம் கைகளால் துடுப்புப் போட்ட தோளுக்கு, அலைவரிசைக்கு வெளியே கைட் விழுந்தால் நீந்தி வரத் தெம்பு இருக்காது. காலையில் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் உலர்ந்த உடையில் ஓய்வு, தண்ணீர், சாப்பாடு. அதன் பிறகும் கை நடுங்கினால் கைட் வேண்டாம்.

கேள்வி: என் எடை 75 கிலோ. 9 சதுர மீட்டர், 6 சதுர மீட்டர் என்று இரண்டு கைட் வைத்திருக்கிறேன். காற்று 22 நாட், வீச்சு (இடையிடையே திடீரென எழும் பலத்த காற்று) 34 நாட் என்று வருகிறது. எதைக் கட்டுவது?

பதில்: உங்களிடம் உள்ள இரண்டில் 9 வேண்டவே வேண்டாம். 6 மீட்டரையும் கட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. கிலோவில் எடையை 2.2ஆல் பெருக்கி, நாட்டில் உள்ள காற்றின் வேகத்தால் வகுத்தால் கைட்டின் சதுர மீட்டர் வரும். உங்களுக்கு 22 நாட்டில் 7.5, 28 நாட்டில் 5.9, 34 நாட்டில் 4.9. சராசரியைப் பார்த்தால் 6 மீட்டர் சரிதான். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 22இலிருந்து 34க்குத் தாவும்போது இழுவை 2.4 மடங்கு ஆகிறது. கையில் பிடித்திருக்கும் அதே கைட், ஒரு நொடியில் இரண்டரை கைட்டாக மாறுகிறது. பாரை (கைட்டை இயக்கும் கைப்பிடித் தண்டை) தள்ளி விசையைக் குறைக்கும் வசதி இதில் ஒரு பகுதியைத்தான் விழுங்கும். புயல் நாளில் அளவை வீச்சுக்குப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சராசரிக்கு அல்ல. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 5 மீட்டர் வேண்டும். அது சற்று விசை குறைந்து தெரிந்தால், பலகையை மாற்றிச் சரிசெய்யுங்கள்: இரு முனைப் பலகைக்குப் பதில் மிதப்புக் கூடிய அலைப் பலகை.

அடிக்காற்றுக்கும் வீச்சுக்கும் 10 நாட்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் நாங்கள் இறங்கச் சொல்வதில்லை. உங்கள் முன்னறிவிப்பில் 12 இருக்கிறது.

காற்றுப் பக்கமாகக் கறுத்த மேகச் சுவர், அதன் அடியில் மழைத்திரை, கடல் பரப்பில் ஓடிவரும் கருங்கோடு, திடீரென ஓர் அமைதி, பிறகு குளிர்ந்த காற்று: இந்த வரிசை தெரிந்தால் உங்களுக்கு உள்ளவை சில நிமிடங்களே. அமைதி வந்த பிறகு இறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மேகம் தெரிந்ததுமே கரைக்கு வந்து கைட்டை இறக்கி, முன்குழாயின் (கைட்டின் முன்விளிம்பில் உள்ள காற்றடைத்த குழாய்) காற்றைப் பிடுங்குங்கள். கரையில் நிற்கும்போது கைட்டைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே வீச்சு வந்தால் ஆளை மேலே தூக்கும். கடல் பக்கம் தாழ்வாக வைத்தால் வீச்சு உங்களைத் தண்ணீருக்குள்தான் இழுக்கும்.

கைட்டின் காற்றழுத்தம் பற்றி ஒரு சொல். பலமான காற்றில் முன்குழாய் தளர்ந்திருந்தால் கைட் நடுவில் மடிந்து, சீராகப் பறக்காமல் துடிக்கும். கைட்டின் மேல் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ அளவுக்கு அடியுங்கள். சிறிய கைட்டுக்குப் பெரியதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். வெயிலில் கிடந்து சூடான கைட், தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து சற்றே தளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அலை உடையும் இடத்தில் இரண்டு முறை கைட்டைத் தவறவிட்டேன். ஒரு முறை துணி கிழிந்தது, இன்னொரு முறை கயிறு காலில் சுற்றிக்கொண்டது. சரியாக என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். அலையில் இறங்கி ஓடும்போது நீங்கள் கைட்டை நோக்கியே வேகமாகப் போகிறீர்கள். கயிறு தளர்கிறது. தளர்ந்த கயிற்றில் கைட் நீங்கள் சொல்வதைக் கேட்காது. இதுதான் முதன்மைக் காரணம். திருப்பத்தைத் தொடங்கும் முன்பே கைட்டையும் திருப்பி நகர்த்திக்கொண்டே இருந்தால் கயிறு விறைப்பாக இருக்கும். இரண்டாவது, வெளியே போகும்போது வெண்நுரையில் மோதி வேகம் இழப்பது. மூன்றாவது, கைட்டை மிகத் தாழ்வாக நிறுத்துவது. கடிகார முள் கணக்கில் 10:30 அல்லது 1:30 அளவில் வைத்துக்கொண்டால், அலை உங்களைத் தடுக்கும் நொடியில் மேலே ஓட்டி இழுவை எடுக்க இடம் இருக்கும்.

விழுந்துவிட்டது. அடுத்த நுரை வர 10, 12 நொடி இருக்கிறது. கைட் கிடக்கும் நிலையைப் பார்த்து, ஒரு பக்கப் பின்கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். அது மெல்லக் காற்றின் விளிம்புக்கு, அதாவது கைட் பறக்கக்கூடிய பரப்பின் பக்க ஓரத்துக்கு, நகர்ந்து தானே எழும். பதறி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் எழாது. நுரை முந்திக்கொள்ளும் என்று தெரிந்தால் எழுப்பும் முயற்சியை விட்டு, பாரை முழுக்கத் தள்ளி, கைட் இருக்கும் திசையில் நீந்துங்கள். கைட் கிழிவது பெரும்பாலும் அலை இழுக்கும்போது நீங்கள் நங்கூரமாக நிற்பதால்தான். ஒரு பக்கம் டன் கணக்கில் தண்ணீர், மறு பக்கம் விறைத்த கயிறு, நடுவில் துணி. கயிறு தளர்ந்திருந்தால் கைட் நுரையோடு உருண்டு போய்விடும், பெரும்பாலும் சேதமில்லாமல். துணியின் குழிந்த பக்கம் அலையைப் பார்த்துக் கிடப்பதே மோசமான நிலை. பைபோல் தண்ணீர் நிரம்பும்.

கயிறு உங்களைச் சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருந்தால் கைட்டின் விலையை நினைக்காதீர்கள். குவிக் ரிலீஸை, அதாவது கைட்டைச் சட்டென விடுவிக்கும் பூட்டை, தள்ளுங்கள். கைட் ஒற்றைக் கயிற்றில் விசையிழக்கும். அலை அப்போதும் அதை இழுத்து, உங்களையும் இழுத்தால், பாதுகாப்புக் கயிற்றின் இரண்டாவது ரிலீஸையும் விடுவித்து எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் காற்று போகும் பக்கம் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக் கத்துங்கள். கயிறு வெட்டும் கொக்கிக் கத்தி ஹார்னெஸின் (கைட்டை மாட்டும் உடல் பட்டை) முன்புறம், எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் செருகி வைத்தால் பயனில்லை.

அலைவரிசைக்கு வெளியே விழுந்து, எழுப்ப முடியாமல் போனால் நேரம் எடுத்து முறையாகச் செய்யுங்கள். ரிலீஸைத் தள்ளியபின் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துப் பாருக்கு வாருங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, விரல் போய்விடும். அந்த ஒற்றைக் கயிற்றை மட்டும் முதலில் நாலைந்து மீட்டர் பாரில் சுற்றி முடிச்சிடுங்கள். இதை விட்டுவிட்டு எல்லாக் கயிற்றையும் சேர்த்துச் சுற்றினால், நடுவில் கைட் மீண்டும் விசை பெற்று இழுக்கும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே கைட்டை அடைந்து, கடைசியில் மீண்டும் முடிச்சிடுங்கள். முன்குழாயின் காற்றை வெளியேற்றாதீர்கள். அதுதான் உங்கள் மிதவை. கைட்டின் ஒரு முனையைப் பிடித்துப் பாய்மரம்போல் சாய்த்தால் காற்றே உங்களைக் கரைக்கு நகர்த்தும். அலை உடையும் இடம் நெருங்கியதும் கைட்டை உங்களுக்கு முன்னால், கரைப் பக்கம் தள்ளி விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் நீந்தி வாருங்கள், எப்போதும் அதற்கும் அலைக்கும் நடுவில் சிக்காமல்.

இதையெல்லாம் அமைதியான நாளில் நாலு முறை செய்து பார்த்திருக்க வேண்டும். ரிலீஸை ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் கரையில் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். மணலும் உப்பும் புகுந்தால் அது இறுகிப்போகும். நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகும்.

கேள்வி: கைட் போர்டிங்கில் பலகைக்கு லீஷ் (பலகையை உடலோடு இணைக்கும் கயிறு) கட்டலாமா? அலையில் பலகையைத் தேடுவதே பாதி வேலையாக இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். கைட் உங்களை முன்னால் இழுக்கும், அலை பலகையைப் பிடித்து வைக்கும். நடுவில் நீளும் லீஷ் சுண்டி இழுத்துப் பலகையைத் தலைக்கே கொண்டு வரும். பலகையை மீட்க ஒரு கையால் கைட்டை ஓட்டி, மறு கையைத் தண்ணீருக்குள் நீட்டித் துடுப்புக் கட்டைபோல் பிடித்து, காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போகப் பழகுங்கள். தலைக்கவசமும் மார்புக் காப்பு உடையும் கட்டாயம்.

கேள்வி: வெளியே போகவே முடிவதில்லை. 20 நிமிடம் துடுப்புப் போட்டும் நுரை திரும்பத் திரும்பக் கரைக்கே தள்ளுகிறது. உடல் வலு போதவில்லையா?

பதில்: வலுவைவிட வழிதான் காரணமாக இருக்கும். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். அது போகும் பாதைதான் ரிப். அலை குறைவாக உடையும் இடம், நிறம் சற்றுக் கறுத்த பட்டை, கடலை நோக்கி நகரும் நுரைத் துணுக்குகள், சலசலக்கும் மேற்பரப்பு: இவற்றைக் கரையில் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். பெரிய அலை நாளில் சர்ஃபர்கள் இதன் வழியாகத்தான் வெளியே போகிறார்கள். நீச்சல்காரரைக் கொல்லும் அதே ஓட்டம் பலகையோடு இருப்பவருக்குப் பாதை. ஆனால் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடலாம். அதை எதிர்த்து யாராலும் நெடுநேரம் நீந்த முடியாது. திரும்பும்போது அதே வழியாக வர முயலாதீர்கள். கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் பகுதிக்குப் போய், நுரையின் மேல் வயிற்றால் படுத்து வாருங்கள்.

அடுத்தது நேரம். செட்டின் கடைசி அலை உடைந்தவுடன் கிளம்புங்கள். செட்டுக்கு நடுவில் கிளம்பினால் வீண்.

மூன்றாவது, முக்குளிப்பு, அதாவது பலகையோடு அலைக்கு அடியில் புகுந்து கடப்பது. பலர் நுரை முகத்தில் அடிக்கும் நேரத்தில்தான் பலகையின் மூக்கை அமுக்குகிறார்கள்; அது தாமதம். நுரைக்கு 2 மீட்டர் முன்பே தொடங்குங்கள். மூன்று நான்கு பலமான துடுப்பு போட்டு வேகம் எடுங்கள். மார்புக்கு நேராக இரு விளிம்பையும் பிடித்து, கையை நீட்டி எடையை மூக்கின் மேல் ஏற்றுங்கள். மூக்கு அமிழ்ந்ததும் முழங்காலால் அல்லது பாதத்தால் பின்பகுதியை அழுத்திப் பலகையைக் கிடைமட்டமாக்குங்கள். நுரை மேலே கடந்த பிறகு மூக்கைத் தூக்கி எழுங்கள். மிதப்பு அதிகமுள்ள நீளப் பலகையை இப்படி அமிழ்த்த முடியாது. அதற்குக் கவிழ்ந்து பலகைக்கு அடியில் தொங்கும் முறை உண்டு; அது தலை உயர அலை வரைதான் கைகொடுக்கும். பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு அடியில் போவது கடைசி வழி. பலகையும் லீஷும் சேர்ந்தால் உங்களுக்குப் பின்னால் 4 மீட்டர் வரை வீசும். அந்த வட்டத்தில் ஆள் இருந்தால் பலகையை விடவே கூடாது.

15 நிமிடத்தில் வெளியே போக முடியவில்லை என்றால் திரும்பி, மூச்சு வாங்கி, மறுபடி கடலைப் படியுங்கள். மூன்றாவது முயற்சியும் தோற்றால் அன்றைய அலை உங்களுடையது அல்ல.

கேள்வி: அலைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எத்தனை நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கும்?

பதில்: தலைக்கு மேல் உள்ள அலையில் பெரும்பாலும் 5 முதல் 10 நொடி. உள்ளே அது ஒரு நிமிடம்போல் தோன்றும். உருட்டும் வரை கைகளால் தலையைச் சுற்றிக்கொண்டு உடலைத் தளர்த்துங்கள். உருட்டல் நின்ற பிறகு மேலே நீந்துங்கள், ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டியபடி. பலகை அங்கே காத்திருக்கலாம். திசை தெரியாவிட்டால் லீஷைப் பிடித்து ஏறுங்கள். விழும்போது தலைகீழாகக் குதிக்காதீர்கள். அலை தன் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழத்திலேயே உடைந்துவிடுகிறது. 2 மீட்டர் அலைக்கு அடியில் இருப்பது சுமார் இரண்டரை மீட்டர் தண்ணீர்தான், அலைக்கு முன்னால் அதைவிடவும் குறைவு. தட்டையாக விழுங்கள்.

கேள்வி: சர்ஃபிங் லீஷ் ஒரே ஆண்டில் இரண்டு முறை அறுந்தது, இரண்டும் கணுக்கால் பக்கம்.

பதில்: சுழல் இணைப்புக்கும் கயிற்றுக்கும் நடுவிலுள்ள மடிப்பில்தான் அழுத்தம் குவியும். பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால் அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும். லீஷை அவிழ்த்து, நீளவாக்கில் நிழலில் தொங்கவிடுங்கள். விரலால் தடவிப் பார்த்து, நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தாலே மாற்றுங்கள். புயல் அலைக்கு 5 மி.மீ. மெல்லிய லீஷ் போதாது. 7 அல்லது 8 மி.மீ. தடிமன், பலகையின் நீளத்துக்குச் சமம் அல்லது ஓர் அடி கூடுதல். பின்பகுதியில் லீஷைக் கோக்கும் சிறு கயிறு பலகை விளிம்பைத் தாண்டி நீளக்கூடாது. நீண்டால் இழுபடும்போது விளிம்பை அறுத்துவிடும்.

கேள்வி: காலையில் அகலமாக இருந்த மணல் பரப்பு மாலையில் காணாமல் போயிருந்தது. கைட்டை இறக்க இடமே இல்லை. ஓத அட்டவணையில் இப்படி இல்லையே?

பதில்: ஓத அட்டவணைக்கு நிலவும் சூரியனும் தெரியும், புயல் தெரியாது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். இயல்பான 1013இலிருந்து 980க்கு இறங்கிய இடத்தில் அதனால் மட்டும் 33 செ.மீ. கூடுதல். காற்று கரை நோக்கித் தள்ளும் தண்ணீரும், உடையும் அலைகள் சேர்க்கும் தண்ணீரும் அதன் மேல். எனவே அட்டவணையின் உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கைட்டை முடித்துவிடுங்கள். கிளம்பும் முன், காற்று போகும் பக்கமாகக் கரையோடு நடந்து, இறக்கக்கூடிய இன்னோர் இடத்தையும் பார்த்து வையுங்கள். அந்த இடத்தில் காற்றின் கீழ்ப்பக்கம் (காற்று போகும் பக்கம்) 50 மீட்டராவது வெற்றிடம் வேண்டும், அதாவது கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு. கரையோர அலை செங்குத்தாக மணலில் அறைந்தால், தண்ணீருக்குள் இருந்தபடியே கைட்டை உதவியாளரிடம் ஒப்படைக்க முயலாதீர்கள். செட் முடிந்த இடைவெளியில் ஏறி வந்து உலர்ந்த மணலில் நின்று இறக்குங்கள்.

கேள்வி: சர்ஃபர்களும் கைட்டர்களும் ஒரே இடத்தில் இருந்தால் யாருக்கு முன்னுரிமை?

பதில்: துடுப்புப் போட்டு வருபவருக்கு விலகிப்போக வேகம் கிடையாது. ஆகவே கைட்தான் விலக வேண்டும். சர்ஃபர்கள் காத்திருக்கும் இடத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாகப் போய்விடுவது நல்லது. சர்ஃபர்களுக்குள், உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை. கைட்டர்களுக்குள், கரையிலிருந்து வெளியே போகிறவருக்கு உள்ளே வருகிறவர் வழிவிட வேண்டும். எதிரெதிரே வந்தால் வலது கை முன்னால் இருக்கும் பக்கமாக ஓடுகிறவருக்கு முன்னுரிமை. கடக்கும்போது காற்றின் மேல்பக்கம் (காற்று வரும் பக்கம்) இருப்பவர் கைட்டை உயர்த்தவும், கீழ்ப்பக்கம் இருப்பவர் தாழ்த்தவும் வேண்டும்.

கேள்வி: இடி கேட்கிறது, ஆனால் தூரத்தில். தொடரலாமா?

பதில்: கூடாது. இடி காதில் விழும் தூரம் மின்னல் தாக்கும் தூரம்தான். கைட்டோடு இருப்பவர் 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் ஈரக் கயிறு கட்டி நிற்பவர். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை தண்ணீருக்குத் திரும்பாதீர்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு கடல் பழுப்பாக இருக்கிறது. அலை நன்றாக இருக்கிறது. இறங்கலாமா?

பதில்: கழிமுகத்துக்கோ வடிகால் வாய்க்கோ அருகில் என்றால் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். கழிவுநீர்க் கிருமிகள் காது, கண், வெட்டுக்காயம் வழியாக நுழையும். அதைவிட உடனடி ஆபத்து ஆறு அடித்துக்கொண்டு வரும் மரக்கட்டைகள். பாதி அமிழ்ந்து மிதப்பதால் அலையின் முகத்தில் வரும்வரை தெரியாது.

கேள்வி: கைட் முன்போல் விரைந்து எழுவதில்லை. பலமான காற்றிலும் பின்னோக்கிச் சரிகிறது. துணி பழசாகிவிட்டதா?

பதில்: துணியைக் குறை சொல்லும் முன் கயிறுகளை அளந்து பாருங்கள். பெரும் பகுதி எடையை முன்கயிறுகள் இரண்டும்தான் சுமக்கின்றன. பயன்படுத்தப் பயன்படுத்த அவை பின்கயிறுகளைவிடச் சற்று நீண்டுவிடும். அப்போது பின்கயிறுகள் ஒப்பீட்டில் குட்டையாகி, பாரை இழுக்காமலே கைட்டின் பின்விளிம்பைப் பிடித்து இழுத்தபடி இருக்கும். கைட் மூச்சுத் திணறுவதுபோல் பின்னால் சரிவதற்குக் காரணம் இதுவே. புயல் நாளில் அலைக்கு நடுவில் இது நேர்ந்தால் எழுப்ப முடியாத கைட்டோடு நிற்பீர்கள்.

நான்கு கயிற்றின் முனைகளையும் ஒரு கம்பத்தில் மாட்டுங்கள். விசை குறைக்கும் பட்டையை முழுக்கத் தளர்த்தி, பாரைச் சிக்கன் லூப் (பாரை ஹார்னெஸில் மாட்டும் வளையம்) வரை உங்கள் பக்கம் இழுத்து, சம விசையோடு பின்னால் சாயுங்கள். நான்கும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும், பாரும் சாயாமல் நேராக நிற்க வேண்டும். பின்கயிறுகள் மட்டும் விறைத்து, முன்கயிறுகள் தொய்ந்தால் மேலே சொன்ன சிக்கல்தான். பல பார்களில் பின்கயிறு கோக்கும் இடத்தில் இரண்டு மூன்று முடிச்சுகள் வரிசையாக இருக்கும். பின்கயிற்றை நீளமாக்கும் முடிச்சுக்கு மாற்றுங்கள். இடதும் வலதும் 1 செ.மீ. வேறுபட்டாலும் கைட் ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

அளக்கும்போதே கயிறு முழுவதையும் விரலிடுக்கில் ஓடவிடுங்கள். நடுவில் தானாக விழுந்த சிறு முடிச்சு இருந்தால் ஊசியால் நெகிழ்த்தி எடுங்கள். அந்த முடிச்சு கயிற்றின் பலத்தை ஏறக்குறைய பாதியாக்கும். பஞ்சுபோல் நூல் பிரிந்த இடம் தென்பட்டால் அந்த ஒரு கயிற்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே அளவில் நீளாது. ஒரே மாதத்தில் மறுபடி கம்பத்தில் கட்டி அளக்க வேண்டியிருக்கும்.